70 வளைவு கொல்லிமலை... 48 வளைவு நிக்கோ... நண்பர்களோடு முதல் நாள் போகிறவர்கள் கவனத்துக்கு!

செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்களில் தவறாமல் வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு. "மச்சி, கொல்லிமலை போலாமா?" அடுத்த பத்து நிமிடத்தில் பத்து பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். கிளம்பும் நாளன்று நான்கு பேர்தான் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். அந்த நான்கு பேருக்கும் அதுவே பெரும்பாலும் பெற்றோர் இல்லாமல் போகும் முதல் மலைப் பயணமாக இருக்கும்.

இதே மாதிரி ஒரு 'முதல் நாள்' கடல் தாண்டியும் நடக்கிறது. டோக்கியோவில் படிக்கப் போகும் மாணவர்கள், கிடைக்கும் முதல் நீண்ட விடுமுறையில் நண்பர்களோடு கிளம்பும் ஊர்களில் ஒன்று நிக்கோ. டோக்கியோவின் அசாகுசா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் 2 மணி நேரம். டோச்சிகி மாகாணத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கும் நம் நாமக்கல் மாவட்டத்து கொல்லிமலைக்கும் ஆச்சர்யமான ஒற்றுமைகள் உண்டு. இரண்டுக்கும் போக மலைவளைவுகளைத் தாண்ட வேண்டும். இரண்டிலும் 300 அடியை ஒட்டிய அருவி காத்திருக்கும். இரண்டு ஊரிலும் முதல் நாள் போகிறவர்கள் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அருவியைப் பார்த்துவிட்டால் ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

காரவள்ளியில் தொடங்கும் கதை

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் மலையடிவாரமான காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர் ஆர்வமாக எண்ண ஆரம்பிப்பார். இருபதைத் தாண்டும்போது குரல் குறையும். நாற்பதில் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். அறுபதில் காதில் 'ஙொய்' என்று அடைக்கும். எழுபதில் இறங்கி நிற்கும்போது முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, அதுவரை பட்ட பாட்டை மறக்கடித்துவிடும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கொல்லிமலை. சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேல்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு உயரம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவற்றைப் போல ஹோட்டல் காடாக மாறாமல் இன்னமும் விவசாய மலையாகவே இருக்கிறது. சாலையோரம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் காபிச் செடி. பலா, அன்னாசி, மலைவாழை என்று கண்ணில் படுவதெல்லாம் யாரோ ஒருவரின் உழைப்பு. 'காட்டில் சும்மா விளைந்திருக்கிறது' என்று நினைத்து காரை நிறுத்திப் பறிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும்.

நிக்கோவில் வளைவுக்கு ஒரு எழுத்து

நிக்கோ நகரத்திலிருந்து மேலே சூசென்ஜி ஏரிக்குப் போகும் சாலையின் பெயர் 'இரோஹாசாகா'. ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு ஒரு சாலை. இரண்டுமே ஒருவழிப் பாதை. இரண்டையும் சேர்த்து 48 வளைவுகள். இங்கே எண் பலகை என்றால், அங்கே எழுத்துப் பலகை. நாம் 'அ, ஆ, இ' என்று சொல்வதுபோல் ஜப்பானியர்கள் பழைய காலத்தில் 'இ, ரோ, ஹா' என்று எழுத்துகளை வரிசைப்படுத்தினார்கள். அந்த 48 எழுத்துகளும் வளைவுக்கு ஒன்றாக நிற்கின்றன. மொழி தெரியாத வெளிநாட்டு மாணவரும் மலை ஏறி இறங்குவதற்குள் ஓர் அரிச்சுவடியைப் புரட்டி முடித்துவிடலாம்.

மேலே போனால் சூசென்ஜி ஏரி, கடல் மட்டத்திலிருந்து 1,269 மீட்டர் உயரத்தில். அதாவது கிட்டத்தட்ட கொல்லிமலையின் உயரம். பக்கத்தில் இருக்கும் நான்தாய் எரிமலையின் குழம்பு ஆற்றை அடைத்ததால் உருவான ஏரி இது. அதன் தண்ணீர் வழிந்து விழுவதுதான் கெகோன் அருவி. உயரம் 97 மீட்டர். அருவியின் அடிவாரத்தைப் பார்க்கப் பாறைக்குள் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து நின்றால் சுமார் 100 மீட்டர் கீழே இறக்கிவிடும். எண்பது வயதுப் பாட்டியும் பார்த்துவிட்டு வரலாம்.

நிக்கோவில் நமக்கு நன்கு அறிமுகமான மூவர் இருக்கிறார்கள். கண்ணை, வாயை, காதைப் பொத்திக்கொண்டிருக்கும் மூன்று குரங்குகள்! காந்தி தாத்தாவின் மேசையில் இருந்ததாக நாம் பள்ளியில் படித்தோமே, அந்த மூன்று குரங்குகளின் புகழ்பெற்ற மரச்சிற்பம் இங்குள்ள தோஷோகு ஆலயத்தில்தான் இருக்கிறது. தோகுகாவா இயெயாசு என்ற ஷோகனின் நினைவாக 1617-ல் எழுப்பப்பட்டு, 1636-ல் பிரமாண்டமாகப் புதுப்பிக்கப்பட்ட ஆலயம் இது. நிக்கோவின் ஆலயங்களை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

ஆயிரம் படி இறங்கினால் ஆகாய கங்கை

கொல்லிமலையில் லிஃப்ட் எல்லாம் கிடையாது. வளப்பூர் நாட்டில் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். செங்குத்தான படிகள். இறங்கும்போது சிரிப்பும் செல்ஃபியுமாக இருக்கும். ஏறும்போதுதான் 'ஜிம்முக்குப் போறேன்' என்று சொன்னவர்களின் சாயம் வெளுக்கும்.

கீழே அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து பொடிப் பொடியாகச் சிதறி விழுகிறது. அருகில் போவதற்கு முன்பே சாரல் நனைத்துவிடும். இந்த ஆறுதான் மலையிறங்கி திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலைக்குப் போகிறது. மலையில் பெய்யும் மழை சமவெளியின் குடத்துக்கு வந்துசேரும் வழி இது. அருவியில் வீசப்படும் ஷாம்பு பாக்கெட்டும் அதே வழியில்தான் வந்துசேரும்.

மூட்டுவலி உள்ள பெரியவர்களோ, சின்னக் குழந்தைகளோ உடன் இருந்தால் ஆகாய கங்கையை வலியுறுத்த வேண்டாம். மாசிலா அருவியும் நம்ம அருவியும் அதிகம் சிரமப்படாமல் போய்க் குளிக்கக்கூடியவை. எந்த அருவியாக இருந்தாலும், வெள்ளம் கூடினால் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கும். அன்றைக்குத் தடையைத் தாண்டிப் போவது வீரம் இல்லை.

ஓரியின் மலை

செம்மேட்டில் இறங்கினால் குதிரையில் அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலையைப் பார்க்கலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அத்தனையையும் துளைத்தவர் என்று சங்கப் பாடல்கள் சொல்லும் வில்லாளி. திருக்கோவிலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது வரலாறு. தோற்ற அரசனுக்குத்தான் இன்று சிலையும் விழாவும். ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அரசு சார்பில் இங்கே வல்வில் ஓரி விழா நடக்கிறது.

சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை பற்றிய கதையும் இந்த மலைக்கே உரியது. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே அந்தப் பாவை என்று மக்கள் வணங்குகிறார்கள். சித்தர் குகைகளைத் தேடி வருபவர்களும் உண்டு.

குண்டனி நாட்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள்?

இத்தனையும் பார்த்து முடித்தால் பொழுது சாய்ந்துவிடும். 'கொல்லிமலை முடிஞ்சுது' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். ஆனால், கொல்லிமலை என்பது நான்கு அருவிகளும் இரண்டு கோயில்களும் மட்டும் அல்ல. அது 14 'நாடு'களின் மலை.

வளவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டனி நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, பைல் நாடு, பெரக்கரை நாடு என்று இங்கே உள்ள ஊராட்சிகள் அத்தனைக்கும் நாடு என்றே பெயர். கொல்லிமலைக்குப் போய் வந்த கல்லூரி மாணவர்களிடம் இதில் எத்தனை பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். வளப்பூர் நாட்டையும் வளவந்தி நாட்டையும் சொன்னாலே பெரிது. குண்டனி நாடு போன்ற பெயர்கள் பஸ்ஸின் போர்டில் மட்டும் வாசிக்கப்பட்டுக் கடந்துபோகும்.

இந்த நாடுகளில் வாழ்கிறவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்பதே பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் பழங்கதை. அவர்களின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்கிறார்கள். இவர்கள் அதிகம் வாழ்வதால்தான் கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதியாக இருக்கிறது.

வழியில் தலைச்சுமையோடு வரும் ஓர் ஆயாவிடம் வழி கேட்டால், வழியைச் சொல்வதற்கு முன் "எந்த ஊரு சாமி? சாப்ட்டீங்களா?" என்றுதான் பேச்சு தொடங்கும். இந்த இரண்டு கேள்விக்கும் நின்று பதில் சொல்ல நேரம் ஒதுக்காத பயணம் என்ன பயணம்?

சாமைக்கு நடந்தது என்ன?

கொல்லிமலையின் உண்மையான கதை அதன் தட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலைச்சரிவுகளில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று சிறுதானியங்கள் நிறைந்து விளைந்தன. சாமையில் மட்டுமே வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை என்று பல ரகங்களை மலைமக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். மழை முன்பின் ஆனாலும் ஏதோ ஒரு ரகம் கைகொடுக்கும் என்பது அதற்குள் இருந்த கணக்கு.

பிறகு மரவள்ளிக் கிழங்கு வந்தது. கீழே சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. கிழங்குக்குக் கையில் காசு கிடைத்தது. சாமைக்கு விலையும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சாமையின் உமியை நீக்குவது. உரலில் போட்டு உலக்கையால் குத்தியெடுக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களின் தோளில்தான் விழுந்தது. ரேஷன் அரிசியும் வந்துவிட்ட பிறகு, 'எதுக்கு இந்தப் பாடு?' என்று அவர்கள் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. சிறுதானியப் பரப்பு சுருங்கிக்கொண்டே போனது.

1990-களில் இங்கே வேலையைத் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. 'பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகாமல், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. கிராம விதை வங்கிகள் உருவாயின. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட் என்று பாக்கெட் போட்டு விற்கக் கற்றுக்கொண்டன. 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் சாமைக்குத் தனி அலமாரி வந்தது. ஆனாலும் மலைச்சரிவில் இன்றைக்கும் சாமைக்கும் மரவள்ளிக்கும் போட்டி நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதன் முடிவில், அங்கே போகும் நம் கையில் இருக்கும் 100 ரூபாய்க்கும் பங்கு உண்டு. மலைக்குப் போய் சிப்ஸ் பாக்கெட்டும் கூல்டிரிங்க்ஸும் வாங்கினால் அந்தப் பணம் மலையில் நிற்காது. மிளகும் சாமையும் காபித்தூளும் வாங்கினால் ஒரு குடும்பத்துக்குப் போகும்.

நிக்கோவிலும் இப்படி ஒரு ஊர்ச் சாப்பாடு உண்டு. பெயர் 'யூபா'. சோயா பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துச் சமைப்பது. அருவிக்கு வருகிறவர்கள் அதையும் சாப்பிட்டு, கையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவது அங்கே பயணத்தின் ஒரு பகுதி. ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊர்த் தின்பண்டத்தை வாங்கிவந்து வீட்டிலும் அலுவலகத்திலும் பகிர்வது ஜப்பானியர்களின் வழக்கம். நம்மூரில் திருநெல்வேலி போனால் அல்வா இல்லாமல் திரும்புவோமா? அந்த மரியாதையைக் கொல்லிமலைச் சாமைக்கும் கொடுக்கலாம்.

கூட்டம் கெடுத்தால் கதவு மூடும்

ஜப்பானில் முதல் நாள் சுற்றும் நம்மூர் மாணவர்களைத் திகைக்க வைக்கும் விஷயம், பொது இடங்களில் குப்பைத் தொட்டி தென்படுவதே அரிது என்பது. ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கும். சாப்பிட்ட கவரை மடித்துத் தன் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே சாதாரணம். பள்ளிக்கூடத்தில் வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைத்து வளர்ந்த பழக்கம் அது.

அப்படிப்பட்ட நாடே கூட்டத்தால் திணறிக்கொண்டிருக்கிறது. ஃபுஜி மலையடிவாரத்தில் இருக்கும் ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் மலை அழகாகத் தெரியும். இன்ஸ்டாகிராமில் அந்தப் படம் பரவியதும் கூட்டம் குவிந்தது. சாலையின் குறுக்கே ஓடினார்கள், குப்பை போட்டார்கள், சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் அந்த இடத்தில் கறுப்புத் திரையைக் கட்டி மலையையே மறைத்துவிட்டது! சில மாதங்கள் கழித்துத்தான் அகற்றினார்கள். அதே ஆண்டு ஃபுஜி மலையின் யோஷிதா பாதையில் ஏறுவதற்கு 2,000 யென் கட்டணமும், ஒரு நாளைக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வந்தன. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை வந்தது.

கொல்லிமலையில் அப்படித் திரை கட்டும் நாள் வர வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் அருவிப் பாறையிடுக்கில் சிக்கிய பாக்கெட்டைச் சட்டம் வந்து எடுக்காது. உடைந்த பாட்டில்கள் அங்கே மாடு மேய்க்கும் சிறுவனின் காலைத்தான் முதலில் கிழிக்கும். வளைவுகளில் பைக்கைச் சாய்த்து வீடியோ எடுப்பவர்களுக்கும் இதே வார்த்தைதான். எதிரே வருவது பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும் பிள்ளைகள் நிறைந்த பஸ்ஸாக இருக்கலாம். உங்களுக்கு சாகசப் பாதையாகத் தெரியும் அந்தச் சாலைதான், மலைமக்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போகிற பாதை.

முதல் நாளை எப்படித் திட்டமிடலாம்?

* விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வளைவுகளை வெளிச்சத்தில் ஏறி, வெளிச்சத்திலேயே இறங்கிவிடுவது நல்லது. கடைசி பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டர் அண்ணனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வளைவு ஏற வேண்டாம். வாந்தி வரும் என்ற பயம் இருப்பவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். போனைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள்.

* ஆகாய கங்கைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி போதும். ஏறும்போது போட்டி வேண்டாம். குழுவில் மெதுவாக ஏறுபவர் யாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

* ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். மிச்ச நேரத்தில் சோளக்காடு சந்தைப் பக்கம் நடங்கள். பலாச்சுளையையும் அன்னாசியையும் அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள். அதிகமாகப் பேரம் பேச வேண்டாம்.

* மாலையில் சீக்குப்பாறை அல்லது சேளூர் காட்சிமுனைக்குப் போனால், காலையில் நீங்கள் கிளம்பி வந்த சமவெளி காலடியில் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

* மலைக்குள் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. எப்போது திரும்புவோம் என்பதை வீட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பணமாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

* வீடுகளையும் வேலை செய்கிறவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்பே பதிலாகக் கிடைக்கும். வேண்டாம் என்றால், விட்டுவிட வேண்டும்.

* கொண்டுபோன கவர் எல்லாம் உங்கள் பையிலேயே கீழே இறங்கட்டும்.

ஒரு நாடாவது தெரிந்துகொண்டு வாருங்கள்

நிக்கோவைப் பார்க்காமல் எதையும் 'அற்புதம்' என்று சொல்லாதே என்று ஜப்பானில் ஒரு சொலவடை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் பெருமை அப்படி. சங்க காலத்திலிருந்தே பாடப்பட்ட மலை நம்முடையது. அதைப் பற்றி நாம் சொல்லக்கூடியது '70 ஹேர்பின், செம டிரிப்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும்தானா?

அடுத்த முறை நண்பர்களோடு போகிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். 14 நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது குண்டனி நாடாக இருக்கட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "அண்ணே, உங்க பக்கம் இப்ப என்ன வெள்ளாம?" என்று கேளுங்கள். மிளகு விலையில் தொடங்கி, மழை வராத கவலை, கீழே காலேஜில் படிக்கும் மகள், இந்த வருஷம் போட்ட மரவள்ளி, விதைக்காமல் விட்ட சாமை வரை அவர் சொல்லிக்கொண்டே வருவார். நீங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும், அவருடைய பேச்சு முடிந்திருக்காது. மீதியைக் கேட்க இன்னொரு முறை மலையேற வேண்டியிருக்கும்.